சீனம் பேசிய பிரஷர் மெஷின்

எங்கள் வீட்டுப் பிரஷர் மெஷின் சீனம் பேசும். சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். முதலில் நானும் சிரித்தவன்தான்.

ஜொகூரில் வேலை பார்க்கும் என் மகள் அதை ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் எனக்குத் தலை சுற்றியது. குழாயடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டான். மறுநாளே என்னை அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துப் போனார்கள். "டாரா திங்கி" என்றார் டாக்டர். உயர் ரத்த அழுத்தத்துக்கு மலாயில் அதுதான் பெயர், எங்கள் ஆட்கள் தமிழ் பேசும்போதும் அப்படித்தான் சொல்வார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் காலையில் வீட்டிலேயே பிரஷர் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

மெஷின் வந்த அன்று பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருந்த தாள் பூராவும் சீன எழுத்து. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் குரல், டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி, கணீரென்று என்னமோ சொன்னது. பட்டை இறுகித் தளர்ந்த பிறகு இன்னும் நீளமாக என்னமோ சொன்னது. அந்தக் குரலை நிறுத்த எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"திருப்பி அனுப்பிடலாம்பா, வேற வாங்கித் தாரேன்" என்றாள் மகள் போனில்.

"வேணாம்லா. நம்பரைப் பாக்கத்தானே மெஷினு. நம்பருக்கு என்ன பாஷை வேண்டிக் கிடக்கு?"

பெரிய புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. ஈப்போவுக்கு வந்து பாதி ஆயுசு போய்விட்டது. இங்குள்ள சீனர்கள் பேசும் கண்டனீஸ் மார்க்கெட்டில் விலை கேட்கிற அளவுக்கு எனக்கு வரும். மெஷின் பேசியது அவர்கள் பள்ளியில் படிக்கிற மாண்டரின். அதில் ஒரு மண்ணும் புரியாது. 'முடிந்தது, நன்றி, கையை எடுக்கலாம்' என்பதுபோல மரியாதைக்கு ஏதோ சொல்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஹாலில் பிளக் இருக்கிற மூலையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டின சின்ன மேசைமேல் அதை வைத்தோம். எங்களுடையது ஈப்போவில் புந்தோங் பக்கம் வரிசை வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருக்கிற சீனப் பெண் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எங்கள் மகள் சின்ன வயதில் அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுப் பழக்கினதில், வயதில் மூத்த நாங்களும் அவளை ஆன்ட்டி என்றே கூப்பிடுவோம். அவள் என்னை 'அண்ணே' என்பாள், என் மனைவியை மலாயில் 'கக்கா', அக்கா, என்பாள். மற்ற பேச்செல்லாம் மலாயில். அவளுடைய தையல் மெஷின் ஓடுகிற சத்தம் காலையிலிருந்து எங்கள் ஹாலில் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் பேப்பர் படிப்பேன். அவள் சத்தம் இந்தப் பக்கம் வந்தால் என் சத்தம் அந்தப் பக்கம் போகும் என்கிற சின்னக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் நான் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் யார் இருமினாலும், யார் அடி வாங்கினாலும், யாருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் லயம் முழுக்கத் தெரியும். ஒருத்தன் காய்ச்சலில் ரெண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மூன்றாம் நாள் அவனுக்குச் 'சீக்காளி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பெயர் அப்புறம் போகாது. தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப்பனை நட்டபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஈப்போவுக்கு வந்து பல வருஷம் கழித்து இந்தக் கல் வீட்டை வாங்கின அன்று மனைவியிடம், "இனிமே நம்ம பேச்சு நம்ம வீட்டோட" என்றேன்.

பிழைப்புக்கு நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஒரே சாலையில் ஒரு தமிழ்ப்பள்ளியும் ஒரு சீனப்பள்ளியும் இருக்கின்றன. இரண்டுக்கும் என் வேனில் பிள்ளைகள் வருவார்கள். ஆன்ட்டியின் மகளும் அதில் ஒருத்தி. எனக்கு நேர் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக என் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் சாப்பிடுவாள். பெரிய வருமானம் ஒன்றுமில்லை. ஆனால் புந்தோங்கில் எந்தத் தெருவில் நான் வேனை நிறுத்தினாலும் ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க அண்ணே" என்பாள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டின காலத்தில் என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் விடியுமுன் எழுந்துவிடுவேன்.

அதனால்தான் மெஷின் எனக்கு எதிரியானது. கிளினிக்கிலிருந்து வந்த அன்றே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "காலையில பிரஷர் நூத்தம்பதுக்கு மேல இருந்தா வேன் சாவியத் தொடக்கூடாது. அடுத்தவங்க பிள்ளைங்க. நம்மதில்ல." அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும், அது ஊரறிந்த விஷயம்.

மாத்திரையை நான் ஒழுங்காகப் போடவில்லை. ஒரு தடவை ஆரம்பித்தால் சாகும்வரை விட முடியாது, கிட்னி போய்விடும் என்று காப்பிக்கடையில் யாரோ சொன்னதை டாக்டர் சொன்னதற்கு மேலாக வைத்துக்கொண்டேன். கிளினிக்குக்குப் போகிற நாளுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பக்தியோடு போடுவேன். இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் டாக்டருக்குப் பரீட்சை எழுதுகிறார்கள். டாக்டரும் பார்த்துவிட்டு "பாகுஸ்" என்பார், நல்லது என்று. நானும் நல்ல பிள்ளையாகச் சிரித்துவிட்டு வருவேன்.

வீட்டில் அந்தத் தந்திரம் செல்லாது. தினமும் எடுக்கவேண்டும். மனைவி காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டிக் கடைக்குக் கொடுப்பவள். நான் ஹாலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்காரும்போது அவள் சமையற்கட்டில் அதற்கு மிளகாய்ச் சம்பல் கிண்டிக்கொண்டிருப்பாள். மெஷின் இரைந்து, இறுகி, தளர்ந்து, சீனத்தில் தன் பேச்சைப் பேசி முடிக்கும். உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"எவ்வளவு?"

"நூத்தி முப்பத்திரெண்டு!"

திரையில் நூற்று எழுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். சில நாள் அதையும் தாண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மெஷினை அணைத்துவிடுவேன். ஒரே நம்பரைத் தினமும் சொன்னால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒருநாள் முப்பது, ஒருநாள் முப்பத்தெட்டு. நம்பட்டும் என்று ஒருநாள் நூற்று நாற்பத்து நான்கு என்று சொல்லி, "நேத்து கருவாடு சாப்பிட்டேன்ல" என்று காரணமும் வைத்தேன். அவள் மறுநாளிலிருந்து கருவாடு வாங்குவதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கருவாடு என்றால் உயிர்.

ஒரு காலை வேனில் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தேன். மெங்லெம்பு பக்கம் திரும்புகிற சிக்னலைத் தாண்டினதும் கண்ணுக்கு முன்னால் எல்லாம் மங்கிப்போனது. ஓரத்தில் நிறுத்திவிட்டேன், அந்த அளவுக்குக் கடவுள் புத்தி கொடுத்தார். "அங்கிள் டயர் பாக்கணும், எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லி இறங்கினேன். வேனைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று நினைத்து, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். பார்வை தெளிந்ததும் நாலு டயரையும் ஒவ்வொரு உதை உதைத்துவிட்டு ஏறி ஓட்டினேன். ஒரு பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஆன்ட்டி ஒரு சாயந்திரம் கேட் பக்கம் வந்து நின்றாள். கையில் அந்த மாதத்து வேன் சம்பளம்.

"அண்ணே, நாளையில இருந்து பிள்ளைய நானே மோட்டார்ல கொண்டுபோய் விடுறேன். மனசுல வச்சுக்காதீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. அவகூடக் கொஞ்ச நேரம் இருந்த மாதிரி இருக்கும்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டில் உரிந்துபோயிருந்த பெயிண்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஒரு நாள் லேட் ஆனதுண்டா? ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டதுண்டா? உள்ளே போய் மனைவியிடம் கத்தினேன். "வேற எவனோ குறைச்சுக் கேட்டிருப்பான். சீனத்திக்குக் காசுதானே பெருசு!" அந்த வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். சுவர் ஓரமாக நின்றுகொண்டு, உரக்கத்தான் சொன்னேன். அவளுக்குத் தமிழ் புரியாது என்கிற தைரியம். என் குரலில் இருந்தது எந்தப் பாஷையிலும் புரிந்திருக்கும். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதற்கப்புறம் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் அவள் "அண்ணே" என்று தலையசைத்தால் வேன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொள்வேன். ஒரு நாள் மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது ஈப்போ மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ரோஜா நிற மழைக்கோட்டுப் போட்ட பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆன்ட்டி ஓரமாக மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். என் வேனில் அந்த சீட் காலியாகத்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை. பிள்ளை மட்டும் வேனைப் பார்த்துக் கையாட்டினாள்.

தீபாவளி வந்தது. வருஷாவருஷம் முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் வைத்துத் துணி போட்டு மூடி, கேட்டுக்கு மேலால் மனைவி நீட்டுவாள். அந்தத் தட்டு வெறுமனே திரும்பி வராது, சீனியோ ஆரஞ்சுப்பழமோ வைத்து வரும். இந்த வருஷம் நான், "தட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றேன். மனைவி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் நான் ஜெயித்துவிட்டதாக நினைப்பது என் வழக்கம்.

தீபாவளியன்று மத்தியானம் வீடு நிறைய ஆள். ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஹாலில் விழுந்து கிடந்தார்கள். அப்போது வாசலில் ஒரு பிஸ்கட் டின்னோடு ஆன்ட்டி வந்து நின்றாள், பக்கத்தில் மகள். மனைவி எனக்குத் தெரியாமல் தட்டும் கொடுத்து, சாப்பிடவும் கூப்பிட்டிருக்கிறாள். வந்தவளை வாசலில் நிறுத்த முடியுமா? "வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவள் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தாள்.

என் மச்சினன், கல்யாண வீட்டில் என் மானத்தை வாங்கின அதே ஆள், மூலை மேசைமேல் துணி போட்டு மூடியிருந்த மெஷினைப் பார்த்துவிட்டான். "இந்தா, சீனம் பேசுற மெஷினு இதானா?" என்று எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான். கறி தின்ற வயிற்றோடு பிரஷர் பார்ப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். மெஷின் இரைந்து முடித்து அதன் பேச்சைப் பேசியது.

"ஆன்ட்டி, என்ன சொல்லுது இது?" என்று மலாயில் கேட்டான்.

அவள் முறுக்கை மென்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "மேல நூத்தி இருபத்தாறு. கீழ எண்பது. நார்மல்னு சொல்லுது."

ஹாலில் ஒரே கைதட்டல். என் கையில் கேசரித் தட்டு. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அது நன்றி சொல்லவில்லை. நம்பரைச் சொல்கிறது. ஒவ்வொரு நாளும், கணீரென்று, நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சாதாரணச் சுவர். அந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். நான் தமிழில் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் மெஷின் சீனத்தில் திருத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் ஒரு செங்கல் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் என் மாமியாரின் தங்கை கையை நீட்டினாள். "கொஞ்சம் கூட இருக்காம். உப்பைக் குறைக்கணும்" என்றாள் ஆன்ட்டி. சிரிப்பு. இன்னொருத்தர். மறுபடி சிரிப்பு. நான் மெல்ல நழுவிச் சமையற்கட்டுப் பக்கம் போனேன். மச்சினன் விடவில்லை.

"மச்சான், எங்க ஓடுறீங்க? உங்க மெஷினு, நீங்க பாக்காம எப்படி?"

"இப்பத்தான் சாப்பிட்டேன்லா. சரியா காட்டாது."

"எல்லாரும் இப்பத்தான் சாப்பிட்டோம். வாங்க."

"என்ன பயம்?" என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையோடுகூட. "தினம் நூத்தி முப்பதுதானே காட்டுது. போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். பட்டை இறுகியது. மெஷின் பேசியது, மற்றவர்களுக்குப் பேசினதைவிட நீளமாக. எல்லாரும் ஆன்ட்டியைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த முறுக்கையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, எவ்வளவு?"

"திரையில இருக்கே, பாத்துக்கங்க" என்றாள் சின்னக் குரலில்.

மச்சினன் குனிந்து பார்த்தான். "நூத்தி எழுபத்தெட்டு!" அவன் குரலில் விளையாட்டுப் போய்விட்டது. "அக்கா, இங்க வந்து பாருங்க."

மனைவி வந்து பார்த்தாள். "சாப்பாட்டுனால இருக்கும். காலையிலகூட முப்பத்திரெண்டுன்னாரே." ஆன்ட்டி பக்கம் திரும்பி, எனக்காகச் சமாதானம் சொல்கிற மாதிரி, மலாயில் சொன்னாள். "இன்னிக்குத்தான் இப்படி. என்னிக்கும் இப்படி இருந்ததில்ல."

ஆன்ட்டி தலையை நிமிர்த்தி என் மனைவியைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஹரி-ஹரி, கக்கா."

தினமும், அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அந்த மலாய் வார்த்தை புரியாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. கிழவர்களிலிருந்து தொட்டில் பிள்ளைவரை ஹால் முழுக்க என் சொந்தக்காரர்கள். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பட்டையோடு, நடுவில் உட்கார்ந்திருந்தேன். மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். அவளோ குனிந்து என் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தாள், குழாயைச் சுற்றி வைத்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் விரல் என் கையில் பட்டபோது எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். நேரே ஆன்ட்டி வீட்டு கேட்டுக்குப் போனேன், அவளோடு சண்டை போட. அவமானம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? எல்லார் முன்னாலயுமா சொல்றது?"

அவள் கோபப்படவில்லை. வாசல் பல்பு வெளிச்சத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

"அன்னிக்கு நீங்க டயர் பாக்க இறங்கினீங்களே அண்ணே. என் மகள் ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்கா. அங்கிள் டயரைப் பாக்கல, கீழ உக்காந்து கண்ண மூடிக்கிட்டு இருந்தாருன்னு வந்து சொன்னா. மெஷின் சொல்றத நான் தினம் கேக்குறேன். ரெண்டையும் சேத்துப் பாத்தேன். பயந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு மாலு ஆகும்னு சொல்லல."

மாலு என்றால் வெட்கம். மலாயில் அதைவிடக் கனமான வார்த்தை எனக்குத் தெரியாது. அவள் முடிக்கவில்லை.

"என் பிள்ளைய மட்டும் இறக்கிக்கிட்டேன் அண்ணே. மத்தவங்க பிள்ளைங்க ஏறிப் போறதத் தினம் ஜன்னல்ல நின்னு பாத்தேன். மெஷின் என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும். அந்தத் தாய்ங்க யாருக்கும் தெரியாது. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் என்னால ஒரு தையல் போட முடியாது." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் மாலு."

சண்டை போட வந்தவன் நான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வெட்கத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் அந்தப் பிள்ளைகளைப் பற்றின பயத்தையெல்லாம் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அவளுக்கு ஒரு தட்டு முறுக்கைக்கூட இல்லை என்றவன். "மன்னிச்சிருங்க" என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்பது. அவளும், "ஆமா அண்ணே" என்றாள்.

மறுநாள் சாவியை மச்சினனிடம் கொடுத்தேன். அவன் முன்பு தொழிற்சாலை பஸ் ஓட்டினவன், லைசென்ஸ் இருந்தது. வேன் பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். மனைவி சொல்லித்தான் போனேன், நானாகப் போகவில்லை. பெரும்பாலும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். "உடம்பப் பாத்துக்குங்க அண்ணே" என்றார்கள். ஒரு தாய் மட்டும் வாசலிலேயே நின்று கேட்டாள். 'பாத்துக் கூட்டிட்டுப் போங்க' என்று என்னிடம் பிள்ளையை ஒப்படைத்தவர்களில் அவளும் ஒருத்தி. நான் பேசப் பேச அவள் கை தானாகப் போய் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாத்திரையை இப்போது மனைவி கையில் வைத்துக் கொடுக்கிறாள். விழுங்கினபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள், எனக்கு ஐந்து வயது என்பதுபோல. காட்டுகிறேன். ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் பிரஷர் மெல்ல இறங்கியது. கிட்னி ஒன்றும் போய்விடவில்லை. கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, தினமும் எடுத்துப் பார்த்து, அளவு சரியாக இருக்கிற நாளில் ஓட்டலாம் என்றார். கூட வந்த மனைவி முந்தின ரெண்டு நாள் மாத்திரைக் கதையையும் அங்கேயே போட்டு உடைத்தாள். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு தரை ஓடுகளை எண்ணினேன்.

மகள் நடந்ததைக் கேள்விப்பட்டு, "பேசாத மெஷினா ஒண்ணு வாங்கி அனுப்புறேன்பா" என்றாள். வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். மெஷினை அந்தச் சுவரோரத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகர்த்த அவள் விடவில்லை.

அவள் இப்போது என்னிடம் "எவ்வளவு?" என்று கேட்பதில்லை. மெஷின் பேசி முடித்ததும் முன்வாசலுக்குப் போய், "ஆன்ட்டி, எவ்வளவு?" என்று கேட்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து மலாயில் பதில் வருகிறது. என் வீட்டில், என் ரத்தத்தைப் பற்றி, என்னைத் தவிர இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். நான் நடுவில் வாயைத் திறந்தால் மனைவி கேட்காத மாதிரி இருந்துவிடுவாள். முதல் வாரம் அது எரிச்சலாக இருந்தது. அப்புறம் எரிச்சல்படும் தகுதிகூட இல்லை என்று விளங்கிவிட்டது.

மெஷின் ஆரம்பத்தில் என்ன சொல்கிறது என்று ஒருநாள் ஆன்ட்டியிடம் கேட்டேன். "அளக்கப் போறேன், பேசாம இருங்க" என்கிறதாம். அதனால் இப்போது பேசாமல் இருக்கிறேன். காலைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நீட்டி, ஒரு வார்த்தை பேசாமல். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுவிடும். அவளும் கேட்கிறாள் என்று தெரியும்.

மெஷின் சொல்லி முடிக்கும். மனைவி முன்வாசலுக்குப் போய் நம்பரைக் கேட்டு வருவாள். பிறகு பக்கத்து வீட்டு கேட் கிரீச்சென்று திறக்கும். புத்தகப்பையை மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை வந்து என் வேன் கதவுப் பக்கம் நிற்பாள். நான் சாவியை எடுப்பேன்.

சில காலைகளில் அந்த கேட் திறப்பதில்லை. அன்றைக்கு யாரும் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. நானே மச்சினனுக்கு போன் போட்டு வரச் சொல்லிவிட்டு, அவன் வரும்வரை கையில் பட்டையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.